முதல் தடவை கவுன்சலிங் போகிறவர்களுக்கு

நம்ம ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் "மனசு சரியில்லை" என்று யாரும் சட்டென்று சொல்வதில்லை, நெஞ்சு அடைக்கிறது, தலை பாரமாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். என் வீட்டுக்காரரும் கண்டெய்னர் லாரி மோதிப் பிழைத்த பிறகு ஆறு மாதம் ஈ.சி.ஜி. எடுத்தபடியே இருந்தார். எல்லாம் நார்மல். ஆனால் ஹாரன் சத்தம் கேட்டால் வேர்த்துக் கொட்டும்.

தூக்கமின்மை, படபடப்பு, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரம் தாண்டினால் தள்ளிப்போடாதீர்கள். போவதற்கு முன் ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எப்போது படபடக்கிறது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும், அப்போது நோட்டை நீட்டினால் போதும்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஊரே கேலி பேசும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-ல் தொடங்கியது, அங்கேயும் ஓ.பி. பார்க்கிறார்கள், கூச்சப்படாமல் போங்கள். மருந்து எழுதுபவர் சைக்கியாட்ரிஸ்ட், பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர் சைக்காலஜிஸ்ட். தனியாரிடம் போனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பேச்சு சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். விபத்து, அடி, சாவு எதையும் முதல் நாளே முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. "இன்றைக்கு இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லலாம். என் வீட்டுக்காரர் மூன்றாவது வாரம்தான் லாரியைப் பற்றி வாய் திறந்தார், அப்புறம் சிகிச்சையாளர் சொன்னபடி தெருமுனையில் பத்து நிமிடம் நின்று பழகினார், பிறகு மெயின்ரோடு வரை.

ஜோடியாகப் போகிறவர்கள் குறைப் பட்டியலோடு போகாதீர்கள், வீட்டில் மாற வேண்டிய ஒன்றை மட்டும் ஆளுக்கொன்று யோசித்துக்கொண்டு போங்கள். மாமியார், அண்ணன் யாரும் உள்ளே வேண்டாம். வீட்டில் கை நீட்டுவது நடந்தால் சேர்ந்து போகவே கூடாது, அடிக்கிறவர் எதிரே உண்மையைச் சொல்ல முடியாது, சொன்னால் வீட்டுக்கு வந்ததும் அடி விழலாம். பெண்கள் முதலில் தனியாகப் போங்கள், பெண்கள் உதவி எண் 181-க்கும் பேசலாம்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பேசி முடிக்கும் வரை வீட்டில் ஒருவரைப் பக்கத்திலேயே உட்காரச் சொல்லுங்கள்.