இடுப்பு வலிக்காரர்கள் வெயில் நாளில் செய்யும் தவறு

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்குப் படுத்தே கிடப்பது மருந்தாகாது என்பது இன்று பலருக்கும் தெரியும். எப்படிக் குனிவது, எப்படித் தூக்குவது என்பதெல்லாம் கேட்டுப் புளித்தவை. அவற்றை விட்டுவிடுவோம்.

வலி குறைந்த நாளில் எல்லாவற்றையும் முடிப்பது

ஒரு கிழமை மழைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வெயில் அடிக்கும். அன்றைக்கென்று இடுப்பும் லேசாக இருக்கும். காலையில் வீட்டுக் கம்பளிகள் அத்தனையும் துவைக்கப் பீலிக்கு, அதாவது தண்ணீர் விழும் குழாயடிக்குப் போகும், மத்தியானம் விறகு, பின்னேரம் தோட்டத்து லயன் வீட்டுக்குப் பின்னால் கோவாப் பாத்தி. ஈரக் கம்பளியைக் குனிந்து தூக்கி, முறுக்கிப் பிழிந்து, திரும்பிக் கொடியில் எறிவது இடுப்புக்குச் சின்ன வேலை இல்லை. திங்கள் எப்படியோ பெரட்டுக்கு, அதாவது காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்குப் போய்விடலாம். செவ்வாய் செருப்பு மாட்டக் குனிய முடியாது. பிறகு மூன்று நாள் படுக்கை, அடுத்த வெயிலுக்கு மறுபடியும் கம்பளி. "இன்னைக்குத்தானே சொகமா இருக்கு" என்ற பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

பெரும்பாலும் முதுகில் புதிதாக எதுவும் கிழிந்திருக்காது. படுத்த நாட்களில் தசை தளரும். நரம்பு மண்டலமோ சின்ன அசைவுக்கும் வலியைக் கிளப்பப் பழகிவிடும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் தாங்கும் அளவு குறையும்.

அளவைக் கடிகாரத்திடம் விடுங்கள். சாதாரணமான மூன்று நாட்களில், வலி கூடத் தொடங்கும்வரை எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது என்று பாருங்கள். 10, 14, 12 நிமிடம் என்றால் சராசரி 12. ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, ஏறக்குறைய 10 நிமிடத்தில் தொடங்குங்கள். சுகமான நாளிலும் 10தான், வலிக்கும் நாளிலும் 10தான். கிழமைக்கு ஒரு நிமிடம் கூட்டினால் போதும். மறுநாள் காலை வலி வழக்கமான மட்டத்துக்கு வந்திருந்தால் அளவு சரி. 24 மணித்தியாலம் தாண்டியும் கூடியே இருந்தால் முந்திய கிழமை அளவுக்கு இறங்குங்கள், நடையை விட்டுவிடாதீர்கள். கம்பளியும் நாளைக்கு ஒன்று. பிழியாமல் நீர் வடியவிட்டுக் காயப்போடலாம்.

இறக்கத்தில் நேரம் பார்ப்பது

கீழே 5 நிமிடம் இறங்கினால் ஏறி வர 8 ஆகும், 10 நிமிட நடை 13 ஆகிவிடும். ஏற்றத்தை முதலில் முடியுங்கள், அல்லது பாடசாலை மைதானத்தில் நடங்கள்.

எல்லா வலியையும் ஒன்றாக நினைப்பது

தொடைகளுக்கு நடுவே மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு மாறுதல், கால் பலமிழத்தல்: உடனே பெரிய ஆஸ்பத்திரி.

நாள் முழுக்க இடுப்புப் பெல்ட்

வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இலேயே சொல்லிவிட்டது.