பால்குடிக் குழந்தையை வீட்டிலேயே ஆயாவிடம் விட்டு வேலைக்குத் திரும்ப: சில நடைமுறைக் குறிப்புகள்

பிரசவ விடுப்பு முடிந்து அலுவலகம் திரும்பும் பெண்ணுக்குச் சென்னையில் எல்லோரும் சொல்லும் அறிவுரை, "நல்ல ஆயாவாகப் பார்த்து வையுங்கள்" என்பதுதான். இரண்டு குழந்தைகளுக்கு மூன்று ஆயாக்களை அமர்த்திய எங்கள் வீட்டு அனுபவத்தில், ஏற்பாடு குலைந்தபோதெல்லாம் குறை பெரும்பாலும் ஆளிடம் இருக்கவில்லை. அவரோடு சேர்ந்திருந்து பழக்குவதற்கு நாங்கள் ஒதுக்காத நாட்களிலும், வாய்விட்டுச் சொல்லாமல் விட்ட விஷயங்களிலும்தான் இருந்தது. ஆள் தேடுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆள் கிடைத்த பிறகு செய்ய வேண்டியவற்றைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாட்கணக்கு

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பை உறுதி செய்தது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம் என்பதால், அப்படி எடுத்தவர்களுக்குப் பின்னால் 18 வாரமே மிஞ்சுகிறது. குழந்தை நான்கு மாதத்தைத் தாண்டிய கையோடு வேலைக்குப் போக வேண்டியிருக்கும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் விடுப்பு உண்டு. எந்த மாதத்தில் திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் தேட வேண்டிய ஆளே மாறுகிறார். நான்கு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு, ஆகவே பாலைக் கையாளத் தெரிந்த, பொறுமையான கை வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு கஞ்சியும் மசித்த பருப்புச் சாதமும் சேர்ந்துகொள்ளும். ஒரு வயதுக் குழந்தையோ வீடு முழுக்க ஓடும். அப்போது ஆயாவின் அனுபவத்தைவிட அவருடைய முழங்கால்கள்தான் முக்கியம்.

வேலையில் சேரும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, இரண்டு மாதத்துக்கு முன் தேடத் தொடங்குங்கள். கடைசி மூன்று வாரமும் ஆயா உங்களோடு வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். "வீட்டில் நானே இருக்கும்போது எதற்கு மூன்று வாரச் சம்பளம்?" என்று தோன்றும். முதல் குழந்தைக்கு நாங்கள் அப்படி நினைத்து நான்கே நாள் ஒதுக்கினோம். அதன் விளைவைக் கீழே சொல்கிறேன்.

ஆளைத் தேடுவதும் பேசிப் பார்ப்பதும்

குடியிருப்புக் காவலர், பக்கத்து வீட்டில் வேலை செய்பவர், குழந்தை வளர்ந்து பள்ளிக்குப் போய்விட்ட தோழியின் வீடு ஆகிய மூன்று வழிகளிலும் சொல்லி வையுங்கள். ஏஜென்சி வழியாக அமர்த்துவதானால், கமிஷன் எவ்வளவு, ஆள் நின்றுவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றாள் தருவார்கள், நீங்கள் கொடுக்கும் சம்பளம் அந்தப் பெண்ணின் கைக்கு முழுதாகப் போகிறதா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் அந்த ஏஜென்சியை விட்டுவிடுவது நல்லது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். அதற்குச் சற்று மேற்பட்ட வயதுப் பெண்ணிடமும் கைக்குழந்தையை நம்பி விடலாகாது என்பது என் கருத்து.

நேரில் பேசும்போது "குழந்தையைப் பார்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்பதில் பயனில்லை, இல்லை என்று சொல்ல யாரும் பஸ் ஏறி வருவதில்லை. கடைசியாக வளர்த்த குழந்தைக்கு இப்போது என்ன வயது, அது எதற்கெல்லாம் அழும், என்ன செய்தால் அடங்கும் என்று கேளுங்கள். உண்மையாகவே வளர்த்தவர் அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கதையாகவே சொல்லத் தொடங்கிவிடுவார். பிறகு அந்த வீட்டு எண்ணை வாங்கி, வீட்டுப் பெண்ணிடமே பேசி, "மறுபடி தேவைப்பட்டால் இவரையே வைப்பீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். பதிலுக்கு முன்னால் வரும் மௌனத்தையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் தவறானது. வீட்டுப் பணியாளரின் பின்னணியைச் சரிபார்க்கத் தமிழகக் காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

உடல்நலப் பரிசோதனையைக் கூச்சப்பட்டுத் தவிர்த்துவிடாதீர்கள். கைக்குழந்தைக்குக் காசநோய் தொற்றினால் அது கடுமையாகத் தாக்கும் என்பதால், நெடுநாள் இருமல் உண்டா என்று கேட்டு, மார்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. காசநோய்ப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். கக்குவான் இருமல், ஃப்ளூ தடுப்பூசிகளைக் குழந்தையின் மருத்துவரிடம் கேட்டு ஆயாவுக்கும், வீட்டில் உள்ள பாட்டி தாத்தாவுக்கும் சேர்த்தே போடுங்கள். "உங்களுக்கு மட்டும்" என்று சொன்னால் மனம் புண்படும். எல்லோருக்கும் என்றால் யாருக்கும் வருத்தமில்லை. செலவு உங்களுடையது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

சம்பளமும் மரியாதையும்

பேச வேண்டியவை: வரும் நேரம், போகும் நேரம், சம்பளத் தேதி, வார விடுமுறை, பண்டிகை விடுமுறை, தீபாவளி போனஸ், முன்பணம் வாங்கினால் மாதம் எவ்வளவு பிடித்தம், நின்றுகொள்வதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. இவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லையென்பதால் பயணச் செலவு பெரிதாக இராது, ஆனால் அந்தப் பேருந்து எப்போது வரும் என்பதுதான் கேள்வி. ஆகவே நீங்கள் கிளம்ப வேண்டிய நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பாக அவர் வரும்படி பேசி, அந்த நேரத்துக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுங்கள்.

குழந்தையைப் பார்ப்பவரிடம் வீட்டு வேலையைச் சேர்க்காதீர்கள். குழந்தையின் துணி, பாத்திரம், உணவு வரை அவர் பொறுப்பு. "தூங்கும்போது சும்மாதானே இருக்கிறார்" என்று பெருக்குவதையும் காய் நறுக்குவதையும் கொடுத்தால், குழந்தை எழுந்து அழும்போது அடுப்பில் ஏதாவது இருக்கும். அந்தத் தூக்க நேரம்தான் அவர் சாப்பிட்டுச் சற்று முதுகு சாயும் நேரமும்கூட. இதைவிடக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாள் முழுக்க நம் குழந்தையை மார்போடு அணைத்து வைத்திருப்பவருக்குத் தனித் தம்ளர், தனித் தட்டு வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் எந்த ஆயாவும் நிலைப்பதில்லை, நிலைக்க வேண்டியதுமில்லை.

வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007 முதல் தமிழகத்தில் தனி நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்ய உதவுங்கள். அவருக்கு வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய்க் காப்பீடு கிடைக்கும். அந்த இருபது ரூபாயை நீங்களே கட்டிவிடலாம்.

பால்

மூன்று வாரத்தில் அதிக நேரம் எடுப்பது இதுதான். சேருவதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே நாளுக்கொரு வேளை, பீச்சி எடுத்த பாலை ஆயாவோ அப்பாவோ புகட்டட்டும். நீங்கள் அறையில் இருந்தால் குழந்தை உங்கள் வாசம் அறிந்து மறுக்கும், வெளியே போய்விடுங்கள். பாட்டிலை ஏற்காத குழந்தைக்குப் பாலாடையில் கொடுக்கலாம், கழுவுவதும் எளிது.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நீங்கள் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 முதல் 45 மில்லி என்று கணக்கிட்டால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். பத்து மணி நேரத்துக்கு 300 முதல் 450 மில்லி. பீச்சிய பால் 25 டிகிரி வரையிலான அறையில் 4 மணி நேரம் தாங்கும் என்பது பொதுவான அளவு. நம் ஊர் மே மாதத்தில் அந்த அளவை மறந்துவிட்டு, உடனே குளிர்பெட்டியில் வைத்துவிடுவதே பாதுகாப்பு. குளிர்பெட்டியின் உட்புறத்தில், கதவுத் தட்டில் அல்ல, 4 நாள் வரை வைக்கலாம். உறையவைத்து இளகிய பாலை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சூடாக்க, வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தினால் போதும். அடுப்பும் மைக்ரோவேவும் வேண்டாம்.

இதையெல்லாம் நான் முதல் ஆயாவுக்குச் சொல்லியிருந்தேன், ஒன்றைத் தவிர. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் மதியம் தொலைபேசி வந்தது. "பால் திரிஞ்சு போச்சும்மா. மேலே ஆடை மாதிரி தனியா நின்னுச்சு, கீழே தண்ணியா இருந்துச்சு. பாப்பாவுக்கு ஆகாதுன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன்." குளிரில் வைத்த தாய்ப்பாலில் கொழுப்பு மேலே பிரிந்து நிற்பது இயல்பு, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். பசும்பால் மட்டுமே காய்ச்சிப் பழகிய ஒருவர் அதைத் திரிந்த பால் என்று நினைத்ததில் என்ன தவறு? மூன்று பாட்டில் பாலை, குழந்தையின் நலம் கருதியே அவர் கொட்டியிருக்கிறார். இரண்டாம் குழந்தைக்கு வந்தவருக்கு முதல் வாரமே பிரிந்த பாலைக் கையில் கொடுத்துச் சுழற்றச் சொன்னேன். அவர் அதை வழக்கம்போல் இரண்டு தம்ளர்களில் ஆற்றப் போனார். தம்ளரிலேயே கால்வாசி ஒட்டிக்கொள்ளும் என்பதையும் அப்போதுதான் இருவரும் கண்டோம். சொல்லிக் கொடுப்பது போதாது, கூட நின்று செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மூன்று வாரம்.

அலுவலகத்தில் பால் எடுக்க இடமும் நேரமும் வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வுக்கு மேல் நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைச் சட்டமே தருகிறது. சேருவதற்கு முன்பே மேலாளரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

பாட்டியும் ஆயாவும் ஒரே வயதினராக இருந்தால், நீங்கள் கிளம்பிய அரை மணி நேரத்தில் இருவரும் ஒரு கட்சி ஆகிவிடுவார்கள். நாக்கில் தேன், உரை மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர், மூக்கிலும் காதிலும் எண்ணெய் என்று அவர்கள் கைவசம் நிறைய உண்டு. எல்லாவற்றுக்கும் சண்டை போடாமல், காரணத்தோடு சொல்லுங்கள்: ஒரு வயதுவரை தேன் கூடாது, ஏனெனில் அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும்; மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆறு மாதம்வரை தண்ணீர்கூடத் தேவையில்லை. இவற்றைக் குழந்தை மருத்துவரே சொல்லட்டும் என்று தடுப்பூசி நாளில் இருவரையும் உடன் அழைத்துப் போனேன். நான் ஒரு மாதமாகச் சொன்னதை மருத்துவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார், வீட்டில் அமைதி வந்தது.

குழந்தையை எப்போதும் மல்லாந்த நிலையில் படுக்கவைக்க வேண்டும். ஆயா தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடக் கூடாது. தூளியில் தூங்கவைத்தாலும், தூங்கியதும் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். புரளத் தொடங்கிய குழந்தைக்குத் தூளியே வேண்டாம். குளியலறையில் தண்ணீர் பிடித்து வைக்கும் நம் வழக்கத்தில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது: தவழும் குழந்தை மூழ்குவதற்கு வாளியின் அடியில் நாலு விரல் தண்ணீர் போதும். வாளிகளைக் கவிழ்த்து, கதவைத் தாழிடுவதை அவர் வேலைகளில் ஒன்றாகவே எழுதிவிடுங்கள்.

தொண்டையில் ஏதேனும் அடைத்துக் குழந்தையால் அழவோ இருமவோ முடியாமல் போனால், முன்கையில் குப்புறக் கிடத்தித் தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு, நீங்காவிட்டால் மல்லாத்தி மார்பின் நடுவே ஐந்து அழுத்து, மாறி மாறி. இதை ஒரு பொம்மையை வைத்து இருவரும் செய்து பழகுங்கள். 108, மருத்துவர், பக்கத்து வீடு ஆகிய எண்களோடு உங்கள் முகவரியையும் அடையாளத்தோடு பெரிய எழுத்தில் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். பதற்றத்தில் வேலை செய்யும் வீட்டின் முகவரி யாருக்கும் நினைவுக்கு வராது. கேமரா வைப்பதானால் இருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள், உடை மாற்றும் இடத்தில் வேண்டாம்.

கடைசி வாரமும் முதல் நாளும்

முதல் வாரம் நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும், இரண்டாம் வாரம் அவர் செய்ய நீங்கள் பார்க்கலாம். மூன்றாம் வாரம் முதலில் ஒரு மணி நேரம், பிறகு மூன்று, பிறகு ஒரு முழுப் பகல் என்று வீட்டை விட்டு வெளியேறுங்கள். கிளம்பும்போது ஒளிந்து நழுவாமல், குழந்தையிடம் சொல்லிவிட்டே போங்கள். அழும்தான், ஆனால் அம்மா திடீரென்று காணாமல் போவாள் என்ற பயம் பழகாது. எழுதப் படிக்கச் சிரமப்படும் ஆயாவிடம் குறிப்பேடு கேட்க வேண்டாம்: பாட்டில்களில் 1, 2, 3, 4 என்று ஒட்டி வரிசையாகக் கொடுக்கச் சொன்னால், மாலையில் மிஞ்சியதைப் பார்த்தே எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும், மற்றதை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பட்டும்.

முடிந்தால் திங்களன்று சேராமல் வியாழனன்று சேருங்கள். இரண்டே நாளில் சனிக்கிழமை வந்துவிடும், தவறியவற்றைச் சரிசெய்யலாம். அந்த ஆண்டின் சாதாரண விடுப்பில் ஆறேழு நாளை உங்களுக்கும் கணவருக்குமாகப் பிரித்துத் தொடாமல் வையுங்கள். ஆயாவின் ஊர்த் திருவிழாவும் அவர் வீட்டுக் காய்ச்சலும் வரும் நாட்களுக்கு அவை தேவைப்படும்.