நிலையான வட்டிக் கடனைப் புது வீட்டுக்கு மாற்றியது: என் அனுபவம்

பழைய வீட்டை விற்றுப் புது வீடு வாங்கும்போது கடன் அப்படியே இடம் மாறும் என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல். மாறுவது வட்டி விகிதமும் மீதமுள்ள நிலைக்காலமும் (வட்டி மாறாமல் இருக்கும் காலம்) மட்டுமே. பழைய கடனை முடித்துப் புதுக் கடன் போடுவார்கள். எனவே வருமானச் சான்று, கடன் வரலாறு, புது வீட்டின் மதிப்பீடு எல்லாம் மறுபடியும் பார்ப்பார்கள். தவணை தவறாதவருக்கும் மறுப்பு வரலாம்.

என்னை மாட்டவைத்தது தேதி. பழைய வீட்டு விற்பனை முன்னதாக முடிந்தால், முன்கூட்டியே அடைத்ததற்கான கட்டணத்தைப் பிடித்துவிடுவார்கள். குறித்த கெடுவுக்குள் புது வீட்டை வாங்கினால்தான் அது திரும்பக் கிடைக்கும். இரண்டு கிரயத்தையும் ஒரே நாளில் வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. முடியாதென்றால் கெடு எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை உதவாது.

புது வீட்டுக்காகக் கூடுதலாக வாங்கும் தொகைக்கு இன்றைய வட்டிதான். பழைய கடன் 2,00,000-க்கு 3 சதவீதம், கூடுதல் 50,000-க்கு 6 சதவீதம் என்றால் சராசரி 3.6. வெளியே புதுக் கடன் 4 சதவீதத்துக்குக் கிடைத்தாலும் மாற்றுவதே லாபம். இரண்டு பகுதிக்கும் நிலைக்காலம் ஒரே நாளில் முடியும்படி கேளுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வேறு வங்கிக்குப் போகும்போது ஒரு பகுதிக்கு அபராதம் விழும். பழைய கடனைவிடக் குறைந்த தொகைக்கு மாறினாலும் விட்டுப்போன பகுதிக்கு முன்கூட்டியே அடைத்ததற்கான கட்டணம் உண்டு.