குறிப்பு நோட்டை மூடி வையுங்கள்: ஆப்பிரிக்க இலக்கிய வாசிப்பில் தவிர்க்க வேண்டியவை

எங்கள் வாசகர் வட்டத்தில் அவ்வப்போது யாராவது ஒருவர் "இனி கொஞ்ச நாளைக்கு ஆப்பிரிக்க எழுத்துதான்" என்று அறிவிப்பார். பெரும்பாலும் இரண்டாவது புத்தகத்திலேயே நின்றுவிடுவார். ஏன் நிற்கிறார்கள் என்று கவனித்ததில் சேர்ந்தவை இவை. ஆப்பிரிக்கா ஒரு நாடல்ல, கண்டம் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

கான்ராடிலிருந்து தொடங்குவது

ஆப்பிரிக்காவைக் களமாக வைத்து 'இருளின் இதயம்' எழுதிய ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராட் வேண்டாம். முதலில் நைஜீரியாவின் அச்செபேயைப் படியுங்கள். அப்புறம் கான்ராடின் இனவாதப் பார்வையைச் சாடி அச்செபே 1975இல் அமெரிக்காவில் ஆற்றிய உரை. அதற்கும் பிறகு வேண்டுமானால் கான்ராட்.

நாவலை இனவரைவியல் நூலாகப் படிப்பது

கதையை விட்டுவிட்டு, ஒரு மக்களின் பழக்கவழக்கங்களைப் பதிவுசெய்த ஆவணமாக நாவலைப் படிப்பது. எனக்கு இன்றும் எரிச்சல் தரும் தவறு இதுதான்.

சினுவா அச்செபேயின் முதல் நாவல் 1958இல் வந்தது. தமிழில் 'சிதைவுகள்' என்று கிடைக்கிறது. எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர் இதைப் பற்றிப் பேச வந்தார். நோட்டு நிறைய குறிப்புகள்: கிழங்கு அறுவடைத் திருவிழா, பெண்ணுக்குத் தரும் பரிசப் பணம், முகமூடி அணிந்து வரும் முன்னோர் ஆவிகள், இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் எறிவது. அரை மணி நேரம் பேசி, "இக்போ மக்களின் வாழ்க்கை இப்படிப்பட்டது" என்று முடித்தார். ஒபியெரிகா என்ற பெயர் அவர் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை.

ஒபியெரிகா கதைநாயகன் ஒகோன்க்வோவின் நண்பன். இக்கெமெஃபுனா என்ற பையன் பக்கத்து ஊரிலிருந்து ஒரு கொலைக்கு ஈடாக வந்து, ஒகோன்க்வோ வீட்டில் மூன்று வருடம் மகன் போல வளர்கிறான். அவனைக் கொல்லச் சொல்லிக் குறிசொல்லும் தெய்வத்தின் கட்டளை வருகிறது. "அந்தப் பையன் உன்னை அப்பா என்று கூப்பிடுகிறான், இதில் நீ கை வைக்காதே" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் எச்சரிக்கிறார். ஒகோன்க்வோ கேட்கவில்லை. கோழை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் தானே வெட்டுகிறான். ஒபியெரிகாவோ அந்தக் கூட்டத்தோடு போகவே இல்லை. பின்னால் இன்னோர் இடத்தில், தன் மனைவி பெற்ற இரட்டைக் குழந்தைகளை எறிந்ததை நினைத்து, அவை என்ன குற்றம் செய்தன என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறான். விதைப்புக்கு முன் சண்டை சச்சரவே கூடாத அமைதி வாரம் ஒன்று உண்டு. அதை மீறியவனை முன்பெல்லாம் சாகும்வரை தரையில் இழுத்துச் செல்வார்களாம். காக்க வேண்டிய அமைதியையே அது கெடுத்ததால் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள் என்று ஒரு முதியவர் சொல்கிற இடமும் உண்டு.

அதாவது, அந்த ஊர் தன் வழக்கங்களைப் பற்றித் தனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருக்கிறது. வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே. நாவலின் உயிர் அந்த வாதத்தில் இருக்கிறது. வழக்கங்களை மட்டும் பொறுக்கி நோட்டில் எழுதுகிறவருக்கு அது கிடைக்காது.

கடைசிப் பக்கத்தை அச்செபே இப்படிப்பட்ட வாசகருக்காகவே எழுதினாரோ என்று தோன்றும். (முடிவைச் சொல்கிறேன், இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்கவும்.) ஒகோன்க்வோ தானே தூக்கு மாட்டிக்கொண்டு தொங்குகிறான். ஒபியெரிகா ஆத்திரத்தில் வெடிக்கிறான். பக்கத்தில் நிற்கும் ஆங்கிலேய மாவட்ட ஆணையர் தான் எழுதப்போகும் புத்தகத்தைப் பற்றி யோசிக்கிறார். இவனைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதலாம். சரி, அத்தியாயம் வேண்டாம், ஒரு பத்தி போதும். நம் நண்பரின் நோட்டில் ஒகோன்க்வோவுக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய ஒரு பத்திதான்.

இந்தத் தவறுக்கான விலை அடுத்த புத்தகத்தில் தெரியும். அச்செபேயின் இரண்டாவது நாவலில் (1960) ஒகோன்க்வோவின் பேரன் இங்கிலாந்தில் படித்துவிட்டு லாகோஸில் அரசு வேலை பார்க்கிறான், லஞ்ச வழக்கில் கூண்டில் நிற்கிறான். முகமூடி ஆவிகளைத் தேடி வந்தவருக்கு இது சப்பென்று இருக்கும். ஜிம்பாப்வேயின் தம்புட்சோ மரெச்செரா 1978இல் வெளியிட்ட முதல் நூலை நான் இன்னொருவருக்குக் கொடுத்தேன். சேரி, குடி, அடிதடி, சிதறிய நினைவுகள், சீற்றமான மொழி. அடுத்த ஆண்டே பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் தரும் புனைகதைப் பரிசு பெற்ற புத்தகம் அது. "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆப்பிரிக்க வாசனையே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என்ன வாசனை எதிர்பார்த்தாரோ தெரியவில்லை.

பாட்டில் பேசுகிறவரைக் கவிஞர் என்று நினைப்பது

உகாண்டாவின் ஒகோட் பிடெக் எழுதிய 'லாவினோவின் பாடல்' (1966) இதில் அதிகம் அடிபடுகிறது. படித்த கணவன் ஓசோல் நாகரிகமான இன்னொருத்தியோடு சேர்ந்துவிட்டான். மனைவி லாவினோ ஊரைக் கூட்டி நியாயம் கேட்கிறாள். சக்களத்தியின் உதட்டுச்சாயத்தைப் பார்த்து, ரத்தத்தில் வாய் வைத்த காட்டுப்பூனை என்கிறாள். கொஞ்சம் பொறாமை உண்டு என்று அவளே ஒத்துக்கொள்கிறாள். நல்ல நகைச்சுவை. இதை 'மரபுக்குத் திரும்புங்கள்' என்ற கவிஞரின் பிரகடனமாகப் படித்தால் அந்தச் சிரிப்பு முழுக்கப் போய்விடும். ஓசோலின் பதிலையும் பின்னர் தனி நூலாக எழுதியவர் அவர். 1956இல் உகாண்டா கால்பந்து அணியோடு பிரிட்டன் போய், படிக்கத் தங்கி, ஆக்ஸ்போர்டில் மானுடவியல் பயின்றவர். ஆப்பிரிக்க மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று அங்கே வகுப்பில் ஆசிரியர்கள் பேசியதை எதிர்த்தவர். குறிப்பு நோட்டுக்காரர்களை அவருக்கு நன்றாகவே தெரியும்.

கவிதையைக் கண்ணால் மட்டும் படிப்பது

சோமாலியக் கவிதையை ஆங்கிலத்தில் படித்துவிட்டு "தட்டையாக இருக்கிறது" என்பவர்கள் உண்டு. இருக்கத்தான் செய்யும். 'கபை' என்ற வகையில் ஒவ்வொரு வரியும் இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியிலும் ஒரு சொல்லாவது ஒரே ஒலியில் தொடங்க வேண்டும். நம் மோனை அடிக்கு அடி மாறலாம். அங்கே எத்தனை நூறு வரி போனாலும் அதே ஒலிதான். 1979இல் காரியே என்ற கவிஞர் தொடங்கி, ஹத்ராவி முதலான பலர் பதில் பாடிய கவிதைச் சங்கிலி முழுவதும் 'ட' ஒலியில் ஓடியது. சோமாலி மொழிக்கு அதிகாரபூர்வ எழுத்து வந்ததே 1972இல்தான். கவிதை அதுவரை நினைவிலேயே வாழ்ந்தது, பிறகும் ஒலிநாடாக்களில் ஊர் ஊராகப் போனது. இணையத்தில் ஹத்ராவியின் குரல் கிடைக்கும். முதலில் அதைக் கேளுங்கள், அர்த்தம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நோபல் பட்டியலைப் பாடத்திட்டமாக்குவது

அதில் நைஜீரியக் கவிஞர் கிறிஸ்டோபர் ஒகிக்போ இல்லை, செனகல் நாவலாசிரியர் மரியாமா பா இல்லை.

சஹாராவோடு நிறுத்திக்கொள்வது

சஹாராவுக்குத் தெற்கே உள்ளதுதான் ஆப்பிரிக்க எழுத்து, அரபியில் எழுதுவது வேறு என்று ஒதுக்குகிறார்கள். சூடானின் தயெப் சாலிஹ் அரபியில் எழுதினார். அவரும் ஆப்பிரிக்க எழுத்தாளர்தான்.

தமிழில் ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டுவது

கென்யச் சிறையில் கூகி வா தியாங்கோ கழிப்பறைக் காகிதத்தில் கிக்கூயு மொழியில் எழுதிய நாவல் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று தமிழில் வந்திருக்கிறது. நைஜீரியாவில் ஆசிரியராக இருந்த ஈழத்து எழுத்தாளர் எஸ்.பொ. (எஸ். பொன்னுத்துரை) சில ஆப்பிரிக்கப் படைப்புகளைத் தமிழாக்கியிருக்கிறார். எல்லாம் கடையில் உடனே கிடைத்துவிடாது. மாவட்ட மைய நூலகத்திலும் பழைய புத்தகக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். நாவல் என்றால் தமிழிலேயே படிக்கலாம். கவிதைக்கு மட்டும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.