பேரல் நீளமும் வாயுத்துளையின் இடமும்: ஒரு ரைபிளின் அளவுகளைப் படிக்கும் முறை

படையில் ஆயுதப் பராமரிப்புப் பணியில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய என்னிடம், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளும் என்.சி.சி. முகாம் முடித்து வருபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பேரல் நீளமாக இருந்தால் நல்லதா சார், குட்டையாக இருந்தால் நல்லதா?" இந்தக் கேள்வி பாதிதான். குண்டு பாயும் குழாயான அந்தப் பேரலில் வாயுத்துளை எந்த இடத்தில் இருக்கிறது என்று சேர்த்துக் கேட்டால்தான் அது முழுமையாகும். இவ்வகைப் போர் ரைபிள்களை நம் நாட்டில் பொதுமக்கள் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. ஆகவே, பணியில் அவற்றைக் கையாளப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

செமி ஆட்டோமேட்டிக் ரைபிளில் குண்டைத் தள்ளும் வாயுவே அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையையும் செய்கிறது. 5.56 மில்லிமீட்டர் தோட்டா வெடிக்கும்போது, அது அமரும் அறையான சேம்பரில் எழும் உச்ச அழுத்தம், நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 4,000 மடங்கு. குண்டு முன்னேற முன்னேற அந்த அழுத்தம் வேகமாகக் குறைகிறது. பேரலின் மேற்புறத்தில் உள்ள சிறு துளையான வாயுத்துளையைக் குண்டு கடந்ததும் வாயுவின் ஒரு பகுதி அதன் வழியே பிரிந்து, பிஸ்டனையோ, சேம்பரின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைச் சுமக்கும் போல்ட் தாங்கியையோ பின்னே தள்ளுகிறது. குண்டு பேரலுக்குள் இருக்கும் நேரம் முழுவதுமே ஆயிரத்தில் ஒரு நொடியளவுதான்.

பேச்சிப்பாறைத் தண்ணீரில் விவசாயம் செய்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அணைக்கு அருகிலுள்ள மடையைத் திறந்தால் தண்ணீர் வரப்பை உடைக்கும் வேகத்தில் பாயும். கடைமடைக்கு வரும்போது அது அடங்கி நடக்கும். வாயுத்துளை சேம்பருக்கு அருகில் இருந்தால் தலைமடை, தள்ளி இருந்தால் கடைமடை. குண்டு பேரல் முனையை விட்டு வெளியேறிய கணமே அழுத்தம் காற்றில் கலந்துவிடுவதால், துளைக்கும் பேரல் முனைக்கும் இடைப்பட்ட நீளம், மடை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்தக் கலையின் சாரம்.

இனிக் கணக்குக்கு வருவோம். எம்16, எம்4 போன்ற அமெரிக்க ரைபிள்கள் அடங்கிய ஏஆர்-15 குடும்பத்தில் துளையின் இடத்துக்கு நான்கு வழக்கமான பெயர்கள் உண்டு. சேம்பர் பக்கமிருந்து அளந்தால் பிஸ்டல் நீளம் ஏறத்தாழ 4.5 அங்குலம், கார்பைன் நீளம் 7.5, மிட் நீளம் 9.5, ரைபிள் நீளம் 13 அங்குலம். பேரலின் நீளத்திலிருந்து இதைக் கழியுங்கள். 20 அங்குலப் பேரலும் ரைபிள் நீள அமைப்பும் கொண்ட எம்16-இல் மீதி 7 அங்குலம். 14.5 அங்குலப் பேரலும் கார்பைன் நீளமும் கொண்ட எம்4-இலும் மீதி 7 அங்குலமே. ஆனால் எம்4-இன் துளை தலைமடைக்கு அருகில் இருப்பதால் அதே 7 அங்குலத்திலும் அதன் இயக்கம் கடுமையாக இருக்கிறது. 16 அங்குலப் பேரலில் கார்பைன் நீளத்தை வைத்தால் மீதி 8.5 அங்குலம், வேகமும் அதிகம், நேரமும் அதிகம். அதே பேரலில் மிட் நீளத்தை வைத்தால் மீதி 6.5 அங்குலமாகி இயக்கம் மென்மையாகிறது. 16 அங்குலத்துக்கு மிட் நீளமே பொருத்தம் என்பது என் தீர்ப்பு.

வாயு மிகுதியாகிவிட்டதா என்பதை அறிய, சுட்டு முடித்த தோட்டா உறைகளைப் பொறுக்கி ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். அழுத்தம் முழுதாக அடங்குவதற்குள் போல்ட் திறந்துவிட்டால், உறை இன்னும் விரிந்து சேம்பர் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது உறையை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி உறையின் விளிம்பை வளைத்தோ கிழித்தோ இழுக்கும். பித்தளை விளிம்பில் நகத்தால் கீறியது போன்ற அந்தத் தடத்தைக் கட்டை விரலால் தடவினாலே உணரலாம். வாயு குறைந்தால் தடம் எதுவும் இராது. போல்ட் முழுதாகப் பின்வராமல், வெற்று உறை வெளியேறும் வாயிலில் சிக்கும் அல்லது அடுத்த தோட்டா ஏறாது.

கோளாறு கண்டவுடன் வாயுத்துளையைக் குறை சொல்ல வேண்டாம். சுத்தமும் எண்ணெயும் முதலில், பிறகு மேகசின், பிறகு தோட்டா. அதன்பின் வாயுக்குழாய் சேரும் இடத்துத் திருகுகள் தளர்ந்துள்ளனவா, துளையின் மேல் பொருத்தப்படும் வாயு பிளாக் துளைக்கு நேராக அமர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். மிகுதியான வாயுவுக்குக் போல்ட் தாங்கியின் பின்னோட்டத்தைத் தடுக்கும் பஃபரைக் கனமானதாக மாற்றுவது ஓரளவு கைகொடுக்கும். துளையின் விட்டத்தில் மட்டும் கைவைக்கக் கூடாது; பெரிதாக்கிய துளையை மறுபடி சிறிதாக்க வழியில்லை.

நம் ராணுவம் முன்பு பயன்படுத்திய பழைய எஸ்.எல்.ஆர். ரைபிளில் இந்தச் சமநிலையை வீரனே அமைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. 7.62 மில்லிமீட்டர் தோட்டாவும் 21 அங்குலப் பேரலும் கொண்ட அதில், வாயு பிளாக்கைச் சுற்றியுள்ள ரெகுலேட்டர் வளையம் மிகுதி வாயுவை வெளியே விட்டுவிடும். வளையத்தை முழுதாகத் திறந்து சுடத் தொடங்கி, உறைகள் ஒரே சீராக வெளியே விழும்வரை ஒவ்வொரு கிளிக்காக மூடி, அதற்குமேல் இரண்டு கிளிக் மூடுவது முறை. அழுக்கு சேரும்போதும் ரைபிள் நிற்காமல் ஓடுவதற்கான கையிருப்பே அந்த இரண்டு கிளிக். திருச்சி தொழிற்சாலையிலும் தயாரிக்கப்பட்ட நம் ராணுவ ரைபிளான இன்சாஸ், 464 மில்லிமீட்டர் பேரலும் நீண்ட பிஸ்டனும் கொண்டது. மேலே சொன்ன நான்கு பெயர்கள் அதற்குப் பொருந்தாது என்றாலும், மடைக் கணக்கு அதற்கும் அதேதான்.

பேரலின் மற்ற அம்சங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீளம் குறைந்தால் குண்டின் வேகம் குறையும். கனத்த பேரல் தொடர்ந்து சுடும்போது மெதுவாகச் சூடேறும். தோளில் சுமப்பவனுக்கு அந்த எடை வலிக்கும். குண்டைச் சுழலவைக்கும் உட்புற முறுக்கு, தொடக்க கால எம்16-இல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இருந்து, 62 கிரெய்ன் (ஏறத்தாழ 4 கிராம்) எடையுள்ள நீண்ட குண்டு வந்தபின் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்றானது.

நம் கடற்கரைக்கென்று ஒன்று சேர்க்க வேண்டும். குரோமியப் பூச்சு பேரலின் உட்புறத்தைக் காக்கும். வாயு பிளாக்கையும் ரெகுலேட்டரையும் அது காக்காது. கடலோர முகாம் ஒன்றில் மழைக்காலம் முழுதும் கழற்றப்படாமல் இருந்த எஸ்.எல்.ஆர். ஒன்றின் வாயு பிளாக்கை முன்புறம் அடைக்கும் வாயு முளை, துருவும் கரியும் சேர்ந்து பற்றவைத்தது போல இறுகியிருந்தது. எண்ணெயில் ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் காலையில்தான் அதைக் கழற்ற முடிந்தது. குளச்சல் காற்றுப் படும் தூரத்தில் இருக்கும் ரைபிள் என்றால், சுட்டாலும் சுடாவிட்டாலும் வாரம் ஒருமுறை அந்த முளையைக் கழற்றி, கரியைத் துடைத்து, உலர்த்தி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சுடன் திரும்ப மாட்டுங்கள்.