பாத்ரூம் இடிச்சு கெடக்கு, பையன் கால் ஒடிஞ்சு வர்றான்: வீட்டை எப்படி ஓட்டுறது

எங்க வீடு திருச்சில, 1994ல கட்டுனது. கீழ ஒரே பாத்ரூம், அதுலயும் இந்தியன் டாய்லெட். அதை எடுத்துட்டு வெஸ்டர்ன் வைக்கணும், ஹால் மொசைக்கை மாத்தி டைல்ஸ் போடணும், கிச்சன் மேடையை ஒசத்தணும்னு பல வருஷமா பேசிப் பேசி போன தை மாசம்தான் கைய வச்சோம். பாத்ரூமை இடிச்ச நாலாம் நாள் ராத்திரி ஆபீஸ்லருந்து வந்துட்டிருந்த என் பையன், 27 வயசு, குறுக்க நாய் ஓடி வந்து பைக்கோட விழுந்துட்டான். வலது முட்டிக்கு கீழ பெரிய எலும்பு ஒடிஞ்சு போச்சு, ஆபரேஷன் பண்ணி உள்ள ராடு வச்சாங்க, அஞ்சாம் நாள் வீட்டுக்கு கூட்டிட்டு போங்கன்னுட்டாங்க. வீட்ல ஒக்கார ஒரு டாய்லெட் இல்ல, மாடில ஒண்ணு இருக்கு, ஆனா 17 படி ஏறணும். இதே மாதிரி யாராச்சும் மாட்டிக்கிட்டீங்கன்னா நாங்க பட்டு தெரிஞ்சிக்கிட்டது உதவும்னு எழுதுறேன்.

முதல்ல ஆஸ்பத்திரி வராண்டால நின்னுக்கிட்டு வீட்டு வேலைய பத்தி எந்த முடிவும் எடுக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு ராத்திரியே மேஸ்திரிக்கு போன் போட்டு எல்லாத்தையும் நிறுத்துங்கன்னு சொல்லப் போனாரு, நான்தான் காலைல பேசிக்கலாம்னு பிடிச்சு வச்சேன். ஏன்னா வேலைய மொத்தமா நிறுத்தினா ஆளுங்க வேற சைட்டுக்கு போயிருவாங்க, திரும்பி வர ஒரு மாசமோ ரெண்டு மாசமோ ஆகும், அதுவரைக்கும் இடிச்ச பாத்ரூம் இடிச்ச மாதிரியே கெடக்கும். மொத்தமா நடத்துறதும் முடியாது, தூசி, சத்தம், ஒயரு, ஈரத் தரை, அதுக்குள்ள கால் ஒடிஞ்ச புள்ளைய எங்க வைப்பீங்க. செய்ய வேண்டியது வேலையோட வரிசைய மாத்துறதுதான். மேஸ்திரிய வீட்டுக்கு வரச் சொல்லி, உக்கார வச்சு, விஷயத்தை முழுசா சொல்லிட்டு, அண்ணே ஹாலும் கிச்சனும் அப்படியே இருக்கட்டும், எல்லா ஆளையும் பாத்ரூம்ல போடுங்க, எத்தனை நாள்ல முடிப்பீங்கன்னு மட்டும் கேட்டோம். 12 நாள்னாரு, 15 ஆச்சு.

அதுல ஒரு விஷயத்துல மட்டும் அவசரப்படாதீங்க. வாட்டர் ப்ரூஃபிங் பண்ணினதுக்கு அப்புறம் வடிகால் ஓட்டையை அடைச்சு தண்ணி கட்டி ஒரு நாளாவது, முடிஞ்சா ரெண்டு நாள், நிறுத்திப் பாக்கணும். பையன் கஷ்டப்படுறானேன்னு அதை விட்டுட்டா நாளைக்கு ஓதம் ஏறி மறுபடி டைல்ஸை பேக்க வேண்டி வரும். அதே மாதிரி க்ளாசெட் வச்சு ஒட்டுன அன்னைக்கே யாரும் ஒக்காரக் கூடாது, நல்லா இறுகுற வரைக்கும் விடுங்க.

அந்த 15 நாளைக்கு என்ன பண்றதுன்னா, கமோட் சேர். கீழ வாளி வச்சது, மெடிக்கல் சாமான் கடைகள்ல வாடகைக்கே கிடைக்கும். கூடவே யூரின் கேன் ஒண்ணு. சொல்றதுக்கு சுலபமா இருக்கு, ஆனா எங்க வீட்ல இருந்ததுலயே பெரிய கஷ்டம் இதுதான். 27 வயசு பையன் அம்மா முன்னாடி எப்படி இருப்பான்? முதல் ரெண்டு நாள் தண்ணியே குடிக்கல அவன். எனக்கு அது மூணாம் நாள்தான் புரிஞ்சுது, புரிஞ்சப்போ ரொம்ப வலிச்சுது. சின்ன வயசுல நான் கழுவி விட்ட புள்ளதானேன்னு நமக்கு தோணும், அவனுக்கு அப்படி இல்ல. அதனால அவன்கிட்டயே கேளுங்க, யார் உதவி பண்ணினா பரவால்ல, எது நீயே பண்ணிக்குவன்னு. அவன் அப்பான்னான். அன்னைலருந்து அவங்க அப்பா காலைல எந்திரிச்சு முதல் வேலையா அதை பாத்தாரு, நான் அந்த நேரம் அந்தப் பக்கமே போகல. கட்டிலை சுத்தி ஒரு கொடி கட்டி பழைய போர்வைய திரை மாதிரி போட்டோம். ராத்திரி கூப்பிட கூச்சப்பட்டு அடக்கிக்கிட்டு கெடந்தான், மிஸ்டு கால் குடுடா போதும்னு சொன்னதுக்கப்புறம் அதுவும் சரியாச்சு. வலி மாத்திரைல மலச்சிக்கல் வரும், அத டாக்டர்கிட்ட வெக்கப்படாம முன்னாடியே சொல்லி மருந்து வாங்கிக்கோங்க.

ரூமுக்கு வருவோம். வேலை நடக்குற இடத்துக்கு ரொம்ப தள்ளி இருக்கிற ரூமா பாருங்க. வாசக்கால் முழுக்க தடிமனான பிளாஸ்டிக் ஷீட்டை மேலருந்து கீழ வரைக்கும் டேப் போட்டு ஒட்டி, நடுவுல ஒரு கீறல் விட்டு, அதுமேல இன்னொரு ஷீட்டை தொங்க விட்டா போக வர வழி ஆச்சு, தூசியும் பெருசா வராது. கதவுக்கு கீழ ஈரத்துணி. டைல்ஸ் கட்டிங்கை வீட்டுக்குள்ள பண்ண விடாதீங்க, வெளில வாசல்ல தண்ணி ஊத்திக்கிட்டே வெட்டச் சொல்லுங்க, அந்த தூசி நுரையீரலுக்கு கெடுதல், வெட்டுறவருக்கும் சேத்துதான் சொல்றேன், அவருக்கு ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் குடுங்க. சாயங்காலம் ஆளுங்க போனப்புறம் வெளக்கமாறு போட்டு கூட்டாதீங்க, தூசி எந்திரிச்சு மறுபடி உக்காரும், ஈர மாப்பு போடுங்க, தரை காய்ஞ்சப்புறம்தான் அவன் வெளில வரணும். மத்தியானம் ஒண்ணுலருந்து மூணு வரைக்கும் மெஷின் ஓடக்கூடாதுன்னு மேஸ்திரிகிட்ட பேசி வச்சோம், அவன் தூங்குற நேரம் அது. அந்த நேரத்துல பூசுறது, பாயிண்ட் அடிக்கிறதுன்னு சத்தமில்லாத வேலைய பாத்துக்கிட்டாங்க.

கட்டில் உயரமா இருக்கணும், ஒக்காந்தா பாதம் தரைல படுற அளவு. தரைல மெத்தை போடவே போடாதீங்க, ஒத்தக் கால்ல எந்திரிக்க முடியாது. காலை தூக்கி வைக்கச் சொல்வாங்க, அப்போ தலகாணிய முட்டிக்கு அடில மட்டும் சொருகாம கெண்டைக்கால்லருந்து குதிகால் வரைக்கும் தாங்குற மாதிரி அடுக்கி, நெஞ்சு மட்டத்துக்கு மேல வர்ற மாதிரி வைங்க, அப்பதான் வீக்கம் வத்தும்.

ஊன்றுகோலை பத்தி ஆஸ்பத்திரில சொல்லித்தருவாங்க ஆனா அவசரத்துல காதுல ஏறாது. அக்குளுக்கும் கட்டை மேல்பகுதிக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி இருக்கணும், பாரம் உள்ளங்கைல தாங்கணும், அக்குள்ல தொங்கக் கூடாது, தொங்கினா நரம்பு அமுங்கி கை மரத்துப் போகும். படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதல்ல. வீட்ல கட்டட வேலை நடந்தா இன்னொண்ணு இருக்கு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க: ஊன்றுகோல் அடில இருக்கிற ரப்பர் புஷ்ல சிமெண்ட் தூசி ஒட்டி வழவழன்னு ஆயிரும். ஒரு நாள் அவன் அப்படியே சறுக்கி சுவத்தை பிடிச்சு நின்னான், எனக்கு உயிரே போயிருச்சு. அதுலருந்து தினம் காலைலயும் சாயங்காலமும் ரப்பரை ஈரத்துணில தொடைச்சு காய வச்சுதான் கைல குடுப்பேன். அவன் நடக்குற வழில ஒயர், செங்கல் துண்டு, ஆணி, மணல் எதுவும் கெடக்கக் கூடாது, சித்தாள் அக்கா ஒருத்தங்க தானாவே அதை கவனிச்சுக்கிட்டாங்க, தம்பி வருதுன்னா எல்லாத்தையும் ஓரம் தள்ளிருவாங்க.

இப்போ டாக்டருக்கு உடனே போன் பண்ண வேண்டிய நேரங்கள், இதை ஃப்ரிட்ஜ் கதவுல எழுதி ஒட்டி வைங்க: மாத்திரை போட்டும் வலி ஏறிக்கிட்டே போறது, கால் விரல் மரத்துப் போறது, வெளுத்தோ நீலமாவோ ஆகறது, விரலை அசைக்க முடியாம போறது, தையல் போட்ட இடத்துல சீழ், காய்ச்சல், கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிக்கிறது. மூச்சு வாங்குனாலோ நெஞ்சு வலிச்சாலோ போன்கூட வேணாம், 108ஐ கூப்பிட்டு நேரா ஆஸ்பத்திரி, ரத்தக்கட்டி நுரையீரலுக்கு போயிருக்கலாம். வீட்ல வேலை நடக்குற களேபரத்துல இதெல்லாம் கண்ல படாம போயிரும், அதான் சொல்றேன்.

சாப்பாடு பத்தி ரொம்ப சொல்ல வேணாம், முட்டை, பருப்பு, கேழ்வரகு, நெத்திலி, முருங்கைக்கீரை, பால். ஆட்டுக்கால் சூப் எல்லாரும் சொல்வாங்க, குடுங்க தப்பில்ல, அது மட்டுமே எலும்பை ஒட்ட வைக்காது. சிகரெட் பழக்கம் இருந்தா கண்டிப்பா நிறுத்தணும், எலும்பு கூடுறத அது தாமதப்படுத்தும். கிச்சன் இடிச்சிருந்தா ஒரு இண்டக்ஷன் அடுப்பும் குக்கரும் வச்சு ஒரு மூலைல ஓட்டிரலாம்.

சொந்தக்காரங்க வருவாங்க. எண்ணெய் கட்டு கட்டலாம், தடவி விட்டா சரியாயிரும்னு சொல்வாங்க, ராடு வச்ச கால்ல யாரையும் கை வைக்க விடாதீங்க, அமுக்கி தேய்க்கிறது ஆபத்து. வீட்டை இடிச்ச நேரம் சரியில்ல, அதான் புள்ளைக்கு இப்படின்னு அவன் காது படவே ஒருத்தங்க சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி அவன், நாந்தாம்மா பாத்ரூம் இடிக்க சொன்னேன்னு சொல்லி அழுதான். அதுக்கப்புறம் பாக்க வர்றவங்களை ஹால்லயே ஒக்கார வச்சு காபி குடுத்து, அவன் தூங்குறான்னு சொல்லி அனுப்பிட்டேன், அதுல எனக்கு இன்னைக்கும் வருத்தம் இல்ல.

பணத்துல வீட்டு வேலைக்கு எடுத்து வச்சதையும் ஆஸ்பத்திரி பணத்தையும் ரெண்டு தனி நோட்டா எழுதுங்க, கலந்துச்சுன்னா எது எவ்ளோ போச்சுன்னே தெரியாது. மேஸ்திரிக்கு முன்பணமா மொத்தமா தராம பைப் முடிஞ்சா இவ்ளோ, டைல்ஸ் முடிஞ்சா இவ்ளோன்னு குடுங்க. விபத்துன்னா ஆஸ்பத்திரில ஏஆர் காப்பி, அதாவது விபத்து பதிவேட்டு நகல், போடுவாங்க, அதை கேட்டு வாங்கி வைங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், உள்ள வச்ச ராடோட ஸ்டிக்கர், எக்ஸ்ரே எல்லாம் ஒரே ஃபைல்ல, க்ளெய்முக்கு ஸ்டிக்கர் கேப்பாங்க. பைக் இன்சூரன்ஸ்ல இருக்கிற 15 லட்சம் தனிநபர் விபத்து கவர் உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், எலும்பு முறிவு ஆஸ்பத்திரி செலவுக்கு வராது, அதை நம்பி இருக்காதீங்க. தமிழ்நாட்ல 2021 டிசம்பர்லருந்து நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கு, சாலை விபத்துன்னா முதல் 48 மணி நேரம், திட்டத்துல சேந்த தனியார் ஆஸ்பத்திரிலயும் வரம்புக்குள்ள இலவசமா பாப்பாங்க, சேர்க்கும்போதே கேட்டுருங்க. ஈஎஸ்ஐ பிடிக்கிறவங்களுக்கு மருத்துவ லீவுக்கு சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் உண்டு.

அவனை நோயாளியாவே வச்சிருக்காதீங்க. பத்து நாள் கழிச்சு அவனா, கணக்கை நான் பாக்குறேன்னான். லேப்டாப்ல சிமெண்ட், எம்சாண்ட், கூலின்னு எல்லாம் ஏத்தினான், டைல்ஸ் கடைக்காரர் ரெண்டு பாக்ஸ் கூடுதலா பில் போட்டதை அவன்தான் கண்டுபிடிச்சான். பாத்ரூமுக்கு கைப்பிடிக் கம்பி எங்க வைக்கிறதுன்னு மேஸ்திரி ஒரு அளவு சொன்னாரு. அதை அப்படியே எடுத்துக்காம இவனை க்ளாசெட் உயரத்துக்கு ஒரு ஸ்டூல்ல உக்கார வச்சு, எந்திரிக்கும்போது கை எங்க போகுதோ அங்க பென்சில்ல கோடு போட வச்சோம். அவரு சொன்ன இடத்துக்கும் இவன் கை போன இடத்துக்கும் அரை அடி வித்தியாசம். கம்பிய டைல்ஸ்ல மட்டும் பிடிக்க விடாம உள்ள செங்கல் வரைக்கும் போல்ட் போகணும், ஒட்டுற ரப்பர் கைப்பிடி எல்லாம் ஆள் பாரம் தாங்காது. தரைக்கு சொரசொரப்பான மேட் டைல்ஸ், வாசப்படி மேடு இல்லாம, கதவு வெளிப்பக்கம் தெறக்குற மாதிரி, உள்ள விழுந்தா நாம தெறந்து போகலாம். கதவை மூணு அடியா மாத்திக்கிட்டோம், நாளைக்கு எங்களுக்கே வீல்சேர் வேணும்னாலும் நுழையும்.

ஹால் வேலைய ஆறு வாரம் கழிச்சு, எக்ஸ்ரே பாத்து டாக்டர் காலை ஊனலாம்னு சொன்னதுக்கப்புறம்தான் தொட்டோம், அதுவும் பாதி ஹால், அவன் நடக்க ஒரு பக்கம் விட்டு. பட்டி தேய்க்கிறதுதான் இருக்கிறதுலயே மோசமான தூசி, அதை மட்டும் அவனை என் தங்கச்சி வீட்ல மூணு நாள் விட்டுட்டு முடிச்சோம். அவன் ரூமுக்கு பெயிண்ட் இன்னும் அடிக்கல, பிசியோதெரபி முடியட்டும், கலர் அவன்தான் சொல்லணும்.