ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டில் கடைசி முடிவு யாருடையது? ஒருவரா, குழுவா?

நீங்கள் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் (கோடை யாரும் பார்த்து மாற்றக்கூடிய) புராஜெக்டுக்கு நாலைந்து பேர் தொடர்ந்து கோட் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்களா? அப்படியென்றால் கடைசி முடிவு யாருடையது என்பதை இந்த வாரமே எழுதி ரெப்போவில் (கோட் இருக்கும் இடத்தில்) போட்டுவிடுங்கள். அரைப் பக்கம் போதும். சண்டை வந்த பிறகு எழுத உட்கார்ந்தால், நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் யாருக்குச் சாதகம் என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள், விதி நல்லதா கெட்டதா என்று ஒருவரும் யோசிக்க மாட்டார்கள்.

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிக்கே இது நடந்தது. 1991இல் முதல் ரிலீஸ் வந்ததிலிருந்து அதை உருவாக்கிய கைடோ வான் ரோசம் சொன்னதே கடைசி முடிவு. 2018இல் := குறியைச் சேர்க்கும் பெப் 572க்கு (பெப் என்பது பைத்தானில் மாற்றம் கோரும் முன்மொழிவு) பெரிய எதிர்ப்பு; அவர் அதை ஏற்றுக்கொண்டார், ஆனால் ஒரு முடிவுக்காக இவ்வளவு சண்டை போட வேண்டியிருக்கிறதே என்று அலுத்துப்போய் ஜூலை 12 அன்று விலகிவிட்டார். வாரிசு என்று யாரையும் கைகாட்டவில்லை, இனி எப்படி நடத்துவது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோர் டெவலப்பர்களிடம் (கோடை நேரடியாக மாற்றும் உரிமை உள்ளவர்களிடம்) விட்டுவிட்டார். எப்படி முடிவெடுப்பது என்று முடிவெடுக்கவே டிசம்பர் வரை ஆகிவிட்டது. மறுபடி ஒரே தலைவர் என்பதிலிருந்து தலைமையே வேண்டாம் என்பது வரை ஏழு திட்டங்கள் ஓட்டுக்கு வந்தன, பெப் 8016 ஜெயித்தது, அதன்படி 2019 பிப்ரவரியில் ஐந்து பேர் கொண்ட குழு தேர்வானது (அதில் கைடோவும் ஒருவர்). பைத்தான் பெரிய புராஜெக்ட், தாங்கியது. பத்து பேர் ஓய்வு நேரத்தில் பார்க்கும் புராஜெக்டில் இப்படி அரை வருடம் போனால் பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள்.

சரி, ஆரம்பத்தில் எது வேண்டும்? என் கருத்தில் ஒருவரே போதும். சின்ன புராஜெக்டில் மூன்று பேர் குழு வைத்தால் ஒவ்வொருவரும் மற்ற இருவர் பதில் சொல்வார்கள் என்று காத்திருப்பார்கள், புல் ரிக்வெஸ்ட் (தன் கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பிய புதியவர் அதற்குள் ஆர்வம் விட்டுப் போய்விடுவார். ஆனால் ஒருவர் என்றால் எல்லாவற்றையும் ஒருவரே பார்ப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ்தான் மாற்றங்களைக் கடைசியாகச் சேர்க்கிறார் (மெர்ஜ்), ஆனாலும் ஒவ்வொரு பகுதிக்கும் தனி மெயின்டெய்னர் (பராமரிப்பாளர்) உண்டு, யார் எதற்குப் பொறுப்பு என்று ஒரு ஃபைலில் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்களும் அதைச் செய்யுங்கள்: டாக்குமென்டேஷன் ஒருவருக்கு, பில்ட் ஒருவருக்கு, கோர் கோட் ஒருவருக்கு. அவரவர் பகுதியில் அவரவர் முடிவே முடிவு, இரண்டு பகுதிகள் மோதும்போது மட்டும் நீங்கள். இதில் கஷ்டமான விஷயம், பகுதிப் பொறுப்பாளர் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காதபோதும் கை வைக்காமல் இருப்பது. ஒரு தடவை மாற்றினால் போதும், அப்புறம் எல்லோரும் எல்லாவற்றையும் உங்களிடமே கொண்டுவருவார்கள்.

குழுவுக்கு மாற வேண்டிய நேரம் எப்போது என்பதைச் சில அறிகுறிகளை வைத்துச் சொல்லலாம். உங்களுக்குத் தெரியாத கோடைப் பற்றி உங்களிடம் முடிவு கேட்கிறார்கள், நீங்கள் இரண்டு வாரம் ஊருக்குப் போனால் ரிலீஸ் நின்றுவிடுகிறது, புராஜெக்டை நம்பி வேறு நிறுவனங்கள் பிழைப்பு நடத்துகின்றன. இவற்றில் இரண்டு இருந்தாலே தொடங்கிவிடுங்கள். முக்கியமாக, நீங்கள் உற்சாகமாக இருக்கும்போதே செய்யுங்கள். காலம் கடத்தினால் ஆட்கள் பிரிந்தும் போவார்கள். 2014 கடைசியில் நோட்.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்டின் நிர்வாகத்தில் அதிருப்தியான டெவலப்பர்கள் அதன் கோடைப் பிரதியெடுத்து ஐஓ.ஜேஎஸ் என்று தனியாகப் பிரிந்து (ஃபோர்க்) போனார்கள், 2015இல் தனி அறக்கட்டளையும் தொழில்நுட்பக் குழுவும் அமைந்த பிறகுதான் ஒன்று சேர்ந்தார்கள்.

குழுவில் மூன்று பேர் அல்லது ஐந்து பேர் இருக்கட்டும், இரட்டைப்படை வேண்டாம். 2014 பிப்ரவரியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் தொழில்நுட்பக் குழு, கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியை இயல்பாக வைப்பதா என்ற விவகாரத்தில் நாலுக்கு நாலு என்று பிரிந்து நின்றது, தலைவரின் கூடுதல் ஓட்டுதான் அதைத் தீர்த்தது. அந்த ஓட்டுக்கு டெபியன் சாசனத்தில் முன்பே இடம் இருந்தது. இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பைத்தான் விதிகளில் நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடியவை உண்டு. ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் குழுவில் இரண்டு பேருக்கு மேல் கூடாது. ஒவ்வொரு பெரிய ரிலீஸுக்குப் பிறகும் புதிதாகத் தேர்தல். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால் குழுவையே நீக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது, குழு தன் அதிகாரத்தை முடிந்தவரை குறைவாகப் பயன்படுத்த வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருப்பதுதான். குழு உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஓட்டுப் போட ஆரம்பித்தால் எந்த முடிவுக்கும் சொந்தக்காரர் இருக்க மாட்டார். அதனால் ஒவ்வொரு பெரிய முன்மொழிவுக்கும் விஷயம் தெரிந்த ஒருவரை நியமித்து, ஏற்பதா நிராகரிப்பதா என்பதை அவரிடமே விடுங்கள்.

சின்ன விஷயங்களுக்கு அப்பாச்சி அறக்கட்டளையின் ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டுகளின் பழக்கம் நல்லது: செய்யப்போவதைச் சொல்லிவிட்டு 72 மணி நேரம் காத்திருப்பது, யாரும் எதுவும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது. கோட் மாற்றத்தை ஒருவர் மைனஸ் ஒன்று (எதிர்ப்பு ஓட்டு) போட்டுத் தடுக்கலாம், ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்ல வேண்டும். பரீட்சை, குழந்தை, ஆபீஸ் என்று ஆயிரம் வேலை உள்ள தன்னார்வலர்கள் பதில் போடாததால் வேலை நிற்கக்கூடாது, அதற்குத்தான் இது.

கடைசியாக சாவிகள். டொமைன், ரிலீஸ் உங்களுடையதுதான் என்று காட்டும் கையொப்பச் சாவி, பேக்கேஜ் தளத்தின் அக்கவுன்ட் எல்லாவற்றையும் குறைந்தது இரண்டு பேரிடம் வையுங்கள், ஆனால் களைத்துப்போன நாளில் யாருடைய நச்சரிப்புக்காகவும் கொடுத்துவிடாதீர்கள். எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளின் புராஜெக்டில் தனியாக வேலை பார்த்துச் சோர்ந்திருந்த மெயின்டெய்னரைச் சிலர் ஏன் இவ்வளவு தாமதம் என்று நெருக்கினார்கள், இரண்டு வருடத்துக்கும் மேல் உண்மையாகவே உழைத்துக் காட்டி நம்பிக்கை பெற்ற ஒருவர் ரிலீஸ் பொறுப்புக்கு வந்தார், 5.6.0, 5.6.1 ரிலீஸ்களில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தார். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வசதி) லாகின் அரை நொடி தாமதமாவதை டெவலப்பர் ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் கவனித்துத் தோண்டியதால் 2024 மார்ச்சில் அது வெளியே வந்தது. எனவே ரிலீஸுக்கு இரண்டு பேர் ஒப்புதல் கட்டாயம் என்று வையுங்கள். இரண்டாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லையா, இப்போதைக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான் என்று ரீட்மீயில் (புராஜெக்டின் அறிமுக ஃபைலில்) எழுதிவிட்டுப் புதிய வசதிகளை நிறுத்தி வையுங்கள், அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.